பெரியப்பாவுக்கு விட்டுவைத்த முதல் வரி

பெரியப்பா இறந்த அன்றைக்கு நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடவில்லை. ஏழு மணி பேட்ச், எட்டு மணி பேட்ச், ஒன்பது மணி பேட்ச் எல்லாம் வழக்கம்போல நடந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதிக் கடைக்காரர்கள் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு நின்றார்கள். மாடியில் என்னுடைய பன்னிரண்டு மெஷினும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அம்மா படியேறி வந்து, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். இந்த ஊர் ஒன்றும் சொல்லாது, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத ஊர் இது, எனக்கு நாலு வருஷமாகத் தெரியும் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவர் என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஓய்வுபெற்ற வக்கீல். ஊரில் எந்தக் கமிட்டி கூடினாலும் அவர்தான் தலைவர். பாலம் ரிப்பேரா, படித்துறையில் விளக்கா, ரயில் நிற்க வேண்டுமா, நோட்டு முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கையெழுத்து நோட்டோ நன்கொடை நோட்டோ எதுவானாலும் முதல் வரியைப் பெரிய மனுஷருக்கு விட்டுவைக்க வேண்டும். அவர் போட்ட பிறகுதான் அடுத்தவர் பேனாவைத் திறப்பார். முதல் வரியில் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் எவனும் கையெழுத்துப் போடமாட்டான். மேடையேறினால் பெரியப்பா தமிழ், தமிழினம், ரத்த பாசம் என்று ஒரு மணி நேரம் குரல் தழுதழுக்கப் பேசுவார். சின்ன வயசில் அதைக் கேட்டு நானே அழுதிருக்கிறேன். அந்த அழுகையை அவரிடமிருந்து திருப்பி வாங்க முடியுமானால் வாங்கியிருப்பேன்.

தொண்ணூற்று ஐந்தில், தமிழ் டைப்பிங்கில் லோயர் பரீட்சைக்குப் படிக்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். வள்ளியூருக்குத் தெற்கே இருந்த அகதி முகாமிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வருவாள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயசு சின்னவள். மாலை ஆறு மணிக்கு முகாமில் ஆள் கணக்கெடுப்பார்கள் என்பதால் மூன்றரைக்கே எழுந்து ஓடுவாள். மெஷினில் உட்கார்ந்தால் கீபோர்டைப் பார்க்கமாட்டாள், ஜன்னலைப் பார்ப்பாள், விரல் தானாக ஓடும். அவள் தம்பியை அங்கே பிடித்துக்கொண்டு போய் ஆறு வருஷம். அம்மா மட்டும் ஊரில் இருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சனம் மொத்தமும் ஒரே நாளில் ஊரைக் காலி செய்துகொண்டு மழையில் நடந்தது. அவளுடைய அம்மாவும் நடந்தாள். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு ஒதுங்கியிருப்பதாகக் கொழும்பில் இருந்த சொந்தக்காரர் வழியாகக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலேயும் விமானம் வருகிறது, இன்னும் எத்தனை நாளோ என்று எழுதியிருந்தாள். அதை அவள் என்னிடம் படித்துக் காட்டவில்லை. அப்படியே வரிக்கு வரி டைப் அடித்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வருத்தம். இங்கிருந்து கடலைத் தாண்டினால் வீடு வீடாக ஒரு இனத்தை அழிக்கிறான், இங்கே நாம் சொதிக் குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறோம். டெல்லி நினைத்தால் ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நாமும் கேட்கவில்லை. தொண்ணூற்று ஒன்றில் நம் மண்ணில் நடந்த அந்தக் கொலைக்குப் பிறகு, சிலோன் என்ற சொல்லை எடுத்தாலே எல்லாருக்கும் தொண்டை அடைத்துவிடும். போலீஸ் வரும், வேலை போகும், பாஸ்போர்ட் கிடைக்காது. அந்தக் கொலையை நானும் வெறுத்தேன். அதைச் செய்தவன் யாரோ. பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருக்கிற கிழவி என்ன செய்தாள்?

ஒரு மனு எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். குண்டு வீசுவதை நிறுத்தும்படி இந்திய அரசு உடனே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மருந்தும் அரிசியும் கப்பலில் போக வேண்டும். பொதுமக்கள் ஒதுங்கிய இடங்களைத் தொடக்கூடாது என்று உலக நாடுகளைக் கூட்டிக் கேட்க வேண்டும். இவ்வளவுதான். முதலில் 'பணிவுடன் வேண்டுகிறோம்' என்று போட்டிருந்தேன். அவள் அதை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டு 'கேட்கிறோம்' என்று போட்டேன்.

கீழே ஸ்டேஷனரி கடை வைத்திருந்த அண்ணாச்சி, கார்பன் தாளும் ரிப்பனும் எனக்குச் சப்ளை செய்கிறவர், ஒரு நீள நோட்டு எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் மனுவை ஒட்டினோம். அடுத்த பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள் அவள். பெயர், முகவரி, தொழில், கையெழுத்து. அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பார்த்து, பெரியவர் போடட்டும், அடுத்த வரி நம்மளுது என்று திருப்பிக் கொடுத்தார். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இருந்தார், ஹையர் படிக்கிற பெண்ணின் அப்பா. அவரும் அதையே சொன்னார். பேங்கில் வேலை பார்த்தவர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், எல்லாரும் அதையே சொன்னார்கள். போடமாட்டேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால் எனக்கு ரொம்ப சந்தோஷமாகவே இருந்தது. நாற்பது ஐம்பது பேர் தயார், ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று அவளிடம் சொன்னேன். என் கையெழுத்தைக் கடைசியில் போடுவதாக வைத்திருந்தேன். விருந்து வைக்கிறவள் முதல் பந்தியில் உட்காரக்கூடாது, இல்லையா?

நல்ல நேரமும் வாய்த்தது. அடுத்த சனிக்கிழமை மத்திய மந்திரி ஒருவர் பாளையங்கோட்டையில் ஒரு விழாவுக்கு வருகிறார். வரவேற்புக் கமிட்டித் தலைவர் பெரியப்பா. அவர் கையாலேயே மந்திரி கையில் நோட்டு போய்விடும். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரியப்பா ஈசிச்சேரில் சாய்ந்தபடி மனுவை முழுக்கப் படித்தார். கண் கலங்கியது. பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது, கலங்கத்தான் செய்தது. அவள் தலையில் கை வைத்து, நீயும் எனக்கு ஒரு பொண்ணுதான் என்றார். பெரியம்மா காப்பி கொடுத்தாள். நோட்டை மேஜைமேல் வைத்தார்.

"இங்கன இருக்கட்டும் ஏட்டி. நல்ல நாள் பாத்துப் போட்டுத் தாரேன்."

அவள் பஸ்ஸில் போகும்போதே அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டாளாம். இந்த ஊரே நமக்காகக் கையெழுத்துப் போடுகிறது என்று.

மூன்றாம் நாள் போனேன். பெரியப்பா குளிக்கிறார். ஐந்தாம் நாள் போனேன். நாங்குநேரிக்குப் போயிருக்கிறார். ஆறாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். ஆகா, வந்துவிட்டது என்று ஓடினால், கையில் வேறொரு மனுவைத் திணித்தார். விரைவு ரயில் ஒன்று நாங்குநேரியில் நின்று போக வேண்டும் என்று ரயில்வேக்கு மனு. அவருக்கு அங்கே நிலம் இருந்தது. நல்ல பேப்பரில், மூன்று பிரதி, சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். நம்முடைய நோட்டு என்று இழுத்தேன். அது பாட்டுக்கு இருக்கு என்றார். நோட்டு அவர் வீட்டில் இருக்கும்போது எதிர்த்துப் பேசுவானேன் என்று பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். என் கையால் அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் விரல் நுனி எரிகிறது.

சனிக்கிழமை மைதானத்தில் நானும் அவளும் பெண்கள் பக்கம் நின்றோம். அவள் முகாமில் அனுமதி வாங்கி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரியப்பா மந்திரிக்கு மாலை போட்டார். ஒரு உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நீள நோட்டு இல்லை, உறை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மூன்று பிரதி அடித்தவள் நான்தானே. பிறகு மைக்கைப் பிடித்தார். கடலுக்கு அப்பால் நம் ரத்தம் சிந்துகையில் இங்கே நமக்குத் தூக்கம் ஏது என்று ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் மேடைக்கு ஓடிப்போய் அந்த மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை.

நோட்டைக் கொடுத்து ஒன்பது நாள் ஆன திங்கட்கிழமை, அவர் கார் டிரைவர் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜவுளிக்கடைப் பையில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். முதல் வரி காலி. அடுத்த வரியும் காலி. பக்கம் முழுக்க அவள் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மட்டும். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"காலம் சரியில்ல ஏட்டி. நீ பொம்பளப்பிள்ள, நாளைக்கி உனக்குத்தான் சங்கடம். ஒரு மனுவால அங்க என்ன நின்னுறப் போவுது?"

மறு வருஷம் அந்த ரயில் நாங்குநேரியில் நின்றது. மனுவால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் அதில் ஏறிப் போனார்கள்.

வேறு முதல் ஆளைத் தேடலாம் என்று சுற்றினேன். பெரியவரே போடவில்லையாமே என்ற செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கிடைத்தது. மார்கழியில், அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் விழுந்தது என்றும் அவள் அம்மா போய்விட்டாள் என்றும் கொழும்பிலிருந்து முகாமுக்குத் தகவல் வந்தது. நான் போய்ப் பார்த்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எட்டு நாள் கழித்து இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தாள். மெஷினில் உட்காரவில்லை. ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தாள். அவள் அம்மா சாவதற்கு முன்னால் போட்டது, சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்திருக்கிறது. பழைய காலத்துக் குண்டு குண்டு எழுத்து. காலில் புண், பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு வரிசை, பக்கத்துப் பாயில் பிறந்த குழந்தை என்று எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி இருந்தது.

"உங்கட ஊர்ச் சனம் எங்களுக்காகக் கையெழுத்து வைக்கினம் எண்டு எழுதியிருந்தாய். எத்தினை பேர் எண்டு எழுது. இஞ்ச இருக்கிற சனத்துக்குச் சொல்லவேணும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் மேஜையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை பேர் அக்கா?"

பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. மூன்றரை ஆனதும் எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். பிறகு வரவேயில்லை. லோயர் பரீட்சையை வேறு ஊரில் எழுதித் தேறியதாகவும், வடக்கே வேறு முகாமுக்கு மாற்றலாகிவிட்டதாகவும் ஒரு கார்டு போட்டாள். முகவரி இருந்தது. எந்த முகத்தோடு எழுத என்று நான் எழுதவில்லை.

அதன்பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை பழி வாங்குவது. சின்னச் சின்னப் பழிதான், பெரிசாகச் செய்ய எனக்கு ஏது வசதி? தமிழ்ப் பேராசிரியர் தன்னுடைய ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கால் ஆடுகிற ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னேன். முதலில் பெரியவர் யாராவது தரட்டும் சார், அடுத்தது உங்களுது என்றேன். இரண்டு மாசம் நடையாய் நடந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். பேங்க்காரர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் பொங்கலுக்கு வாழைத்தார் கொடுத்து அனுப்பினார், திருப்பி அனுப்பினேன். அண்ணாச்சி கடையில் கார்பன் வாங்குவதை நிறுத்தி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்குப் போய் வாங்கினேன். பெரியப்பா வீட்டு விசேஷம் எதற்கும் தலைகாட்டவில்லை. கோவிலில் எதிரே வந்தால் நின்று முகத்தை நேராகப் பார்ப்பேன். அவர்தான் திரும்பிக்கொள்வார். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கவில்லை.

தொண்ணூற்று ஒன்பதில் அவர் செத்தார். நாலாம் நாள் அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, மாடியேறி வந்தான். பதினாறாம் நாள் விசேஷத்தன்று கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம், ஒரு தாளில் அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை அடித்து இருநூறு பிரதி எடுத்துத் தர வேண்டும் என்றான். செத்த வீட்டுக்கே வராதவளிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவன் முகத்தில் இருந்தது. ஆனால் தமிழில் பிழையில்லாமல் ஸ்டென்சில் வெட்ட அந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. சரி என்றேன். அவனுக்கே ஆச்சரியம்.

குறிப்பைச் சுத்தமாக அடித்தேன். தமிழ்த் தொண்டர், ஏழை பங்காளர், ஒரு சொல் மாற்றவில்லை. அது முன்பக்கம். பிறகு இன்னொரு ஸ்டென்சிலை மாட்டி, நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்த மனுவை எழுத்துக்கு எழுத்து அடித்தேன். கீழே பெயர், முகவரி, தொழில், கையெழுத்து என்று கோடு போட்டேன். அடியில் இரண்டு வாக்கியம் சேர்த்தேன்: 'முதல் கையெழுத்துக்காக இந்த மனு ஒன்பது நாள் அன்னாரின் இல்லத்தில் காத்திருந்தது. அந்த இடம் இன்னும் காலியாக உள்ளது.' இருநூறு தாளையும் திருப்பிப் போட்டு சைக்ளோஸ்டைல் மெஷினில் பின்பக்கத்தையும் உருட்டினேன். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். நாலு வருஷமாக அப்படிச் சிரித்ததில்லை.

திருப்பிப் பார்க்காமலே மண்டப வாசலில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பங்குனி வெயில், மின்விசிறி போதவில்லை. பத்து நிமிஷத்தில் எல்லார் கையிலும் அந்தத் தாள் விசிறியாக ஆடியது. ஆட ஆட ஒருவர் தாளின் பின்பக்கத்தை அடுத்தவர் படித்தார். படித்தவர் விசிறுவதை நிறுத்தினார். மேடையில் தமிழ்ப் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். அவரும் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார், பேச்சு அந்தரத்தில் நின்றது. மண்டபம் பூராவும் ஒரு வேர்வை நாற்றம். பெரியம்மாவுக்கு மட்டும் அந்தத் தாள் போகக்கூடாது என்று நினைத்திருந்தேன். போய்விட்டது. அவள் கண்ணாடி கொண்டுவராததால் படிக்கவில்லை.

அண்ணன் வந்து என் முன்னால் நின்றான்.

"செத்தவங்ககிட்டயா ஏட்டி பழி வாங்குவ?"

"உயிரோட இருக்கவங்ககிட்டயுந்தான்" என்றேன்.

அதோடு அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து அறுந்தது. அம்மா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. ஆனால் வேறு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் வெட்கப்பட்டு அழவில்லை. சாப்பிட்டார்கள். கை கழுவுகிற இடத்தில் தாள்கள் நனைந்து கிடந்தன. பாயசம் சிந்திய இடத்தைத் துடைக்க ஒருவர் அதைத்தான் எடுத்தார். நான் சாப்பிடாமல் வெளியே வந்தேன். சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணி பேட்ச் நடந்துகொண்டிருக்கும்போது அண்ணாச்சி பைய மாடியேறி வந்தார். நாலு வருஷமாக அவரோடு நான் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என் மேஜையில் வைத்தார். குழம்புக் கறை படிந்திருந்தது. பிரித்தேன். அவருடைய பெயர், கடை முகவரி, தொழில் வியாபாரம், கையெழுத்து. கூட்டெழுத்தில் அமுக்கி அமுக்கிப் போட்டிருந்தார். இரண்டாவது வரியில். முதல் வரி காலி.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. செத்துப் பதினாறு நாள் ஆன மனுஷருக்கு இன்னும் இடம் பிடித்து வைத்திருக்கிறார்களே என்று தாளைக் கிழிக்கத்தான் கை போனது. முதல் வரியில் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"அது அவுகளுக்குன்னு விட்டதுல்லா. கை வரல" என்றார். பிறகு, குத்திக் காட்டுகிற குரலில் இல்லை, தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டார். "டீச்சரம்மா எதுல போட்டிருக்கிய? அன்னைக்கி நோட்டுலயும் ஒங்க கையெழுத்தப் பாத்த ஞாபகம் இல்லையே."

மேஜை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தேன். எதற்கு எடுத்தேன், அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நாலு வருஷத்தில் நானூறு தடவை பிரித்துப் பார்த்த பக்கம். ஒவ்வொரு தடவையும் பெரியப்பாவின் கையெழுத்து இல்லாததைத்தான் பார்த்தேன். பேராசிரியரின் கையெழுத்து இல்லாததை, பேங்க்காரர் கையெழுத்து இல்லாததை. அவள் "எத்தினை பேர் அக்கா" என்று கேட்டபோது பேனா என் கையிலேயே இருந்தது. அந்த நிமிஷம் போட்டிருந்தால்கூட ஒருத்தி என்று சொல்லியிருக்கலாம்.

பெரியப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் நான் மன்னிக்காதவர்கள் பட்டியலில் ஒரு ஆளை நாலு வருஷம் விட்டிருந்தேன்.

அண்ணாச்சி நிற்க நிற்க, கறை படிந்த அந்தத் தாளின் முதல் வரியில் என் பெயரை எழுதினேன். முகவரி, தொழில், கையெழுத்து. அவர் குனிந்து பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒன்பது மணி பேட்ச் முடிந்ததும் அவளுடைய பழைய கார்டைத் தேடி எடுத்து, மெஷினில் ஒரு தாளைச் செருகினேன். நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. உன் அம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தாள், நான் பதில் சொல்லவில்லை என்று அடித்தேன். அடுத்த வரியில், இரண்டு பேர் என்று அடித்தேன்.